கடுக்காய் கொடுக்கும் மரம்

வேலூர்ப் பக்கம் இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையோடு ஒரு மரக்கன்றையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல வழக்கம்தான். வேம்பு, புங்கன், நாவல், நீர்மருது, பூவரசு, மகிழம் என்று எல்லாமே நாட்டு மரங்கள். எனக்குக் கிடைத்தவற்றை வரப்போரமாக நட்டிருக்கிறேன், நன்றாகவே வளர்கின்றன. ஆனால் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். வேப்பம்பழத்தைக் காக்கை தின்று எச்சமிட்டாலே போதும், முளைத்துவிடும். புங்கன் விதைக்கு ஈரமண் பட்டால் போதும். பூவரசுக்கு விதைகூட வேண்டாம், போத்தை வெட்டி ஊன்றினால் துளிர்த்துவிடும். நாற்றுப் பையில் ஒரு மாதத்துக்குள் தலைகாட்டாத மரத்துக்கு நாட்டு மரப் பட்டியலில் இடமே இல்லை. நர்சரிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. மழைக்கு முன் இத்தனை ஆயிரம் கன்று என்று கணக்குக் கேட்கும்போது, எப்போது முளைக்கும் என்றே சொல்ல முடியாத விதையை யார் விதைப்பார்கள்? அதனால்தான் ஜவ்வாது மலையில் காலங்காலமாக நிற்கும் கடுக்காய் மரத்தின் கன்று ஒன்றை மலையடிவாரத்தில் வாங்குவது இத்தனை கடினமாக இருக்கிறது.

கடுக்காய் என் தலையில் ஏறியதற்குக் காரணம் அக்கா மகன். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். பூங்காவில் பொறுக்கிய ஓக் கொட்டையைத் தொட்டியில் போட்டு முளைக்க வைத்துவிட்டு, படம் எடுத்து அனுப்பினான். கூடவே ஒரு கேள்வி: “சித்தி, நம் ஊரில் ஓக்குக்கு நிகரான மரம் எது?”

எங்கள் பக்கம் ஓக் என்றால் ஏலகிரியில் நிற்கும் சில்வர் ஓக்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது ஓக்கும் இல்லை, நம் மரமும் இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்காட்டிலிருந்து வந்தது, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகப் பரவியது. உண்மையான ஓக் இமயமலைச் சரிவுகளில் காடாகவே நிற்கிறது. தமிழ்நாட்டில் தானாக வளர்ந்த ஓக் கிடையாது. எனவே உறவுமுறை பார்த்துப் பதில் சொல்ல வழியில்லை. அந்த மரம் அங்கே செய்த வேலையை இங்கே எந்த மரம் செய்தது என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் பதில் ஒன்றுதான்.

ஓக்கின் பட்டையிலும் காயிலும் துவர்ப்புச் சத்து மிகுதி. தொழிலில் அதற்கு டானின் என்று பெயர். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் மாட்டுத்தோலைப் பதனிட்டது ஓக் பட்டைதான். வடாற்காட்டில், அதாவது எங்கள் பழைய மாவட்டத்தில், அந்த வேலையைச் செய்தவை ஆவாரம் பட்டையும் கடுக்காயும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் கிடங்குகளில் ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறிய தோலைக் கடைசியில் கடுக்காய்க் கரைசலில் போட்டு எடுப்பார்கள். நிறம் வெளுத்து, தோல் மெதுவாகும். காய்ந்த கடுக்காய்த் தோலில், நல்ல காயாக இருந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். இப்படிப் பதனிட்ட அரைப்பதத் தோல்தான் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, ஆவாரை பின்னுக்குப் போனது. 1970களில் அரைப்பதத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுப்பதத் தோலை ஊக்குவித்தார்கள். பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பில் தோலைப் பதனிடுவது எங்கும் பரவியது. அதற்குப் பிறகு தோல் கழிவால் பாலாறு எப்படிக் கெட்டது என்பது ஊருக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். கெடுத்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது அது. இதைச் சொல்லும்போது பட்டைக் காலம் பொற்காலம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சுண்ணாம்புக் குழியும் உப்பும் நாற்றமும் அப்போதும் இருந்தன.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் எழுதிவிட்டு, இன்னொன்றையும் சேர்த்தேன். ஓக்கை அவன் இங்கிலாந்து போய்த்தான் முதலில் பார்த்ததாக நினைக்கிறான். பிறந்த சில மாதங்களிலேயே அதன் துவர்ப்பு அவன் நாக்கில் பட்டிருக்கிறது. குழந்தைக்குக் குளிப்பாட்டியதும் உரைமருந்து கொடுப்போமே, அதில் வசம்பு, சுக்கு, சாதிக்காய், கடுக்காய் இவற்றோடு மாசிக்காய் என்று ஒன்றும் இருக்கும். அந்த மாசிக்காய் ஓக் மரத்தில் வருவது.

காய் என்று சொல்கிறோமே ஒழிய அது காய் இல்லை. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒரு குட்டை ஓக்கின் மொட்டில் சின்னஞ்சிறு குளவி முட்டையிடுகிறது. புழு வளர வளர, அதைச் சுற்றி மரம் உருண்டையாக வீங்கிக் கெட்டியாகிறது. அடுத்த முறை வேலூர் லாங்கு பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் கையளவு மாசிக்காய் வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். மேலே சிறு முண்டுகள். சிலவற்றில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை இருக்கும், குளவி வளர்ந்து வெளியேறிய வழி அது. துளை இல்லாததை உடைத்தால் நடுவில் அறை ஒன்றும், அதில் வெளியேற முடியாமல் காய்ந்துபோன பூச்சியின் தூளும் இருக்கும். துளை விழாத கருநீல மாசிக்காய்க்குத்தான் சத்து அதிகம் என்று விவரம் தெரிந்த கடைக்காரர்கள் பொறுக்கித் தருவார்கள்.

கடுக்காய் மரத்திலும் இதே கதை உண்டு. பூச்சி கடித்த இளம் இலைகளில் உள்ளே வெற்றாக, கொம்பு முளைத்த மாதிரி கோணல்மாணலாக வீக்கங்கள் வரும். காய்ந்ததும் அவற்றைக் ‘கடுக்காய்ப்பூ’ என்று விற்கிறார்கள். மாசிக்காயும் கடுக்காய்ப்பூவும் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கும். இரண்டு மரங்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

சரி, மரத்தை எப்படி அடையாளம் காண்பது? அமிர்தி வழியாகவோ ஒடுகத்தூர் பக்கத்திலிருந்தோ மலை ஏறினால் மருத இனத்து மரங்கள் கலந்து நிற்கும். கீழே ஓடைக்கரையில் நீர்மருது, மேட்டில் கருமருது, தான்றி, கடுக்காய். நான்கும் ஒரே பேரினம், டெர்மினாலியா. இலையை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தோன்றும். மரத்துக்கே கடுக்காய் கொடுக்கத் தெரியும் என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

சுலபமானவற்றை முதலில் கழித்துவிடலாம். அடிமரப் பட்டை முதலையின் முதுகைப் போலக் கட்டம் கட்டமாக ஆழமாக வெடித்திருந்தால் அது கருமருது. அடிமரம் வழுவழுப்பாக, வெளிர்சாம்பல் நிறத்தில், தகடு தகடாகத் தோல் உரிந்திருந்தால் நீர்மருது. கடுக்காயின் பட்டை இரண்டுக்கும் நடுவில்: கரும்பழுப்பு, நீளவாக்கில் மெல்லிய வெடிப்புகள், சிறு செதில்களாகக் கழன்று விழும். அடையாளத்துக்கு இது போதாது.

இலைக்காம்பைப் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் இலையைப் பறிக்க வேண்டியதுகூட இல்லை, தாழ்ந்த கிளையை இழுத்துப் பிடித்தால் போதும். காம்பு இலையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகக் குண்டூசித் தலை அளவில் இரண்டு சுரப்பிகள் புடைத்திருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. கருமருதிலும் சுரப்பி உண்டு, ஆனால் அது இலையைத் திருப்பினால் அடிப்புறத்தில், நடுநரம்பின் தொடக்கத்தில் இருக்கும். நீர்மருதில் ஏறக்குறைய கடுக்காயின் இடத்திலேயே இருப்பதால் அங்கே மட்டும் பட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்தது இலைகளின் அடுக்கு. தான்றியில் இலைகள் நீண்ட காம்போடு கிளை நுனியில் கொத்தாகக் கூடி நிற்கும். கடுக்காயில் கிளை நெடுக இரண்டிரண்டாக வரும். நேருக்கு நேர் வர வேண்டியது, ஒன்று அரை விரல் தள்ளி நிற்கும்.

மாசி, பங்குனியில் இலை கொட்டும். புதுத்தளிர் வரும்போது துருநிறத்தில் பட்டுபோன்ற மயிர் மூடியிருக்கும், முற்றும்போது உதிர்ந்துவிடும். சித்திரை வாக்கில் மங்கலான வெள்ளைப் பூக்கள் கதிர் கதிராக வரும். அந்த மணத்தை மணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய் பச்சையாக இருக்கும்போது வழவழப்பாகத்தான் தொங்கும். கடையில் நாம் பார்க்கும் ஐந்து விளிம்புகள் காய்ந்து சுருங்கிய பிறகுதான் தெளிவாகத் தெரியும். தான்றிக்காய் உருண்டையாக, சாம்பல் படிந்த வெல்வெட்டுப் போல இருக்கும். நீர்மருதுக்கும் கருமருதுக்கும் காயில் இறக்கைகள் உண்டு. ஆகவே மார்கழியிலிருந்து மாசி வரை போனால் மரத்தடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓர் ஆண்டில் ஒரே முறை போய்விட்டுத் திரும்பினால் சந்தேகம் தீராது. இலைக்கு ஒரு முறை, பூவுக்கு ஒரு முறை, காய்க்கு ஒரு முறை போக வேண்டும்.

இனி விதை. காப்புக்காட்டில் நாமாகப் பொறுக்கிக்கொண்டு வரக் கூடாது. சேகரிக்கும் உரிமை மலைவாழ் மக்களுடையது, அவர்களிடம் விலைக்கு வாங்குவதுதான் முறை. நான் முதலில் போய் நின்றது கடைத்தெருவில்.

“ஐயா, முளைக்கிற கடுக்காய் கிடைக்குமா?” என்றேன்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “முளைப்பதற்கா அம்மா நான் கடுக்காய் விற்கிறேன்?”

நியாயமான பதில். பிஞ்சுக் கடுக்காயில் கொட்டையே உருவாகியிருக்காது. மற்றதும் முற்றுவதற்கு முன் பறித்து, வெயிலில் வாட்டி, மூட்டையில் எத்தனை மாதம் கிடந்ததோ. கடுக்காய்க்கு அகம் நஞ்சு, சுக்குக்குப் புறம் நஞ்சு என்பார்கள். மருந்து செய்பவர் கொட்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோலைத்தான் வைத்துக்கொள்கிறார். நமக்கு வேண்டியதோ அவர் எறிவது.

ஒடுகத்தூர்ச் சந்தைக்கு மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். “மரத்தில் இருப்பதைப் பறிக்காதே அம்மா. தை மாதம் தானாக விழுந்து மஞ்சளாகக் கிடப்பதை எடுத்து வருகிறேன், அதுதான் முளைக்கும்” என்றார். “விழுந்ததை எலி விட்டுவைக்குமா பெரியவரே?” என்று கேட்டேன். “அது தின்றது போக மிச்சம்தானே காடு?” என்று சிரித்தார். சொன்னபடி அடுத்த மாதம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஓக் கொட்டைக்கும் கடுக்காய்க்கும் இங்கேதான் குணம் நேர் எதிராகப் போகிறது. ஓக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். விழுந்த ஈரத்தோடு எடுத்து உடனே மண்ணில் வைக்க வேண்டும், அல்லது ஈர மணலில் குளிரில் காக்க வேண்டும். கடுக்காய் காய்வதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அத்தனை கெட்டி அதன் ஓடு. காட்டில் கனியைத் தின்னும் விலங்கும், மழையும், அழுகலும், கரையானும் சேர்ந்து செய்கிற வேலையை வீட்டில் நாம் செய்து கொடுக்க வேண்டும்.

சதையோடு விதைத்தால் ஆயுள் முழுவதும் காத்திருக்கலாம். பழுத்த காய்களைக் குவித்து, ஈரச் சாக்கால் மூடி, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் சதை அழுகிப் புளித்த வாடை வரும். வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், கண்டுகொள்ளக் கூடாது. அதன்பின் ஆற்றுமணல் சேர்த்துத் தேய்த்தால் சதை கழன்று, வெளிர்மஞ்சள் நிறத்தில் கரடுமுரடான கொட்டை மிஞ்சும். கைகளும் மிஞ்சும், கறுப்பாக. இரும்புப் பாத்திரத்தில் இந்த வேலையைச் செய்தால் தண்ணீர் மையாகவே மாறிவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான். ஆந்திராவின் காளத்தியில், கையால் சித்திரம் எழுதும் கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து வைத்துக்கொண்டு, பிறகு துருவும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு இழுக்கிறார்களே, அந்தக் கறுப்பும் இதுவேதான். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் காளத்தி ஜமீனும் வடாற்காட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது.

கொட்டையின் அகன்ற முனையைக் கவாத்துக் கத்தரியால் லேசாக நறுக்க வேண்டும். லேசாக என்பதுதான் இதில் முழு வித்தை. ஓட்டில் வெள்ளைக் கோடு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், உள்ளே பருப்பில் பட்டால் அந்தக் கொட்டை பூஞ்சணத்துக்குத்தான் தீனி. கத்தரி பயமாக இருந்தால் பாறையில் தேய்க்கலாம், நேரம் பிடிக்கும். பிறகு ஒன்றரை நாள் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரை இடையில் மாற்றி, மணல் பாத்தியில் ஒரு விரல் ஆழத்தில் படுக்கவைத்து மூடிவிடலாம். மேலே கம்பிவலை அவசியம், இல்லாவிட்டால் எலியும் அணிலும் நாம் நறுக்கிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு எடுத்துப் போகும். வேலூர்ப் பங்குனி வெயிலில் பாத்தி காய்ந்துவிடாமல் வைக்கோலைப் பரப்பி, காலை மாலை பூவாளியால் தெளிக்க வேண்டும்.

இத்தனையும் செய்தபின் சில வாரத்தில் முளைப்பது சில, மழை தொடங்கிய பிறகு எழுவது சில, எழாதவை பல. போட்டதில் பாதி வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். ஒரே மரத்தின் காய்கள் ஏன் இப்படி நாள் பார்த்து முளைக்கின்றன என்றால், ஒரு மழையை மட்டும் நம்பி எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பக் கூடாது என்று வறண்ட காட்டு மரங்களுக்குத் தெரியும். பாத்தியைக் கலைத்துவிடாமல் அடுத்த ஆடி வரை விட்டுவைக்கச் சொல்வது இதனால்தான். நர்சரியில் இது நடக்காது. வீட்டுக் கொல்லையில் நடக்கும்.

கன்றுக்கு உயரமான பை வேண்டும். மேலே நான்கு இலை விடுவதற்குள் கீழே ஆணிவேர் பையின் அடியைத் தொட்டு வளையத் தொடங்கிவிடும், வளைந்த வேரோடு நட்ட மரம் பின்னால் காற்றுக்கு நிற்காது. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஆவணியில் நட்டால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். முட்டளவு குழி, மட்கிய தொழுவுரம், சுற்றிலும் சருகு மூடாக்கு. முதல் இரண்டு கோடைகளுக்கு மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று கட்டிவிட வேண்டும், வேலூரின் மதிய வெயில் சின்னக் கன்றை வறுத்துவிடும். ஆட்டுக்கு முள்வேலி. தண்ணீர் தேங்கும் இடத்தில் நட வேண்டாம். சரளை மண் என்றால் கடுக்காய் முகம் கோணாது, மலைச்சரிவில் அது நிற்கும் இடமே அதுதான்.

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், பக்கத்தில் இருக்கும் புங்கனோடு ஒப்பிட்டால் கோபம் வரும். அணைக்கட்டு என்ற ஊரில் உள்ள என் நிலத்தில் ஒரே மழைக்கு நட்ட புங்கன் நிழல் தருகிறது, கடுக்காய் என் இடுப்பைத் தாண்டத் தயங்குகிறது. விதையிலிருந்து வந்த மரம் காய்க்கப் பத்து ஆண்டு போலக் காத்திருக்க வேண்டும். காய்தான் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒட்டுக்கன்று இருக்கிறது. நட்ட சில ஆண்டுகளிலேயே அது பலன் கொடுக்கும், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒட்டுக்கன்றுகள் ஒரே தாய்மரத்தின் நகல்கள். மலையில் நிற்கும் ஒவ்வொரு மரமும் காயின் நீளத்திலும் சதைப்பற்றிலும் தனித்தனி. சித்த மருத்துவத்தில் கடுக்காயை ஏழு வகையாகப் பிரிப்பார்கள் என்பதைக் கேட்டு முன்பு சிரித்திருக்கிறேன். பெரியவர் கொடுத்த பையைத் தரையில் கொட்டியபோது, நீண்டதும் குட்டையும் குண்டும் ஒல்லியுமாக உருண்டதைப் பார்த்த பிறகு சிரிப்பதில்லை. அந்த வேறுபாடு கீழ்நாட்டுக்கு இறங்கி வர வேண்டுமென்றால் கொட்டையிலிருந்துதான் வளர்த்தாக வேண்டும், நாலைந்து வெவ்வேறு மரங்களின் காயைக் கலந்து.

நடுவதென்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு கடைசி விவரம். மரம் பெரிதாகி நாலாபக்கமும் கிளை பரப்பும், சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள். முக்கியமாகப் படுக்கையறை சன்னலுக்கு நேராக வேண்டாம். சித்திரையில் கரண்டு போன இரவொன்றில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுக்கும்போது, மேலே சொன்ன அந்தப் பூ பூத்திருக்கும்.